கோர்டோபாவில் ஒரே ஒரு நாள்: எதை வெட்டலாம், எதை விடக்கூடாது?

#1 வழிப்போக்கி

அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்பெயினின் செவியாவில் தங்கியபடி கோர்டோபா போய் அன்று இரவே திரும்ப வேண்டும். நான்கு பேர். இருவருக்கு எழுபது வயதை ஒட்டி, அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. நால்வரும் சைவம், இருவர் முட்டையும் தொடமாட்டார்கள். ஓட்டமும் நடையுமாகச் சுற்றுவதில் விருப்பமில்லை. பள்ளிவாசலாக இருந்து தேவாலயமான மெஸ்கீத்தா கட்டாயம். அதற்குப் பிறகு அல்காசர் கோட்டை, யூதர் குடியிருப்பு, வியானா அரண்மனை, ரோமானியப் பாலம், மெதினா அசஹாரா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை வெட்டுவது?

#2 ரயில்பிரியன்

முதல் வெட்டு மெதினா அசஹாரா. யோசிக்கவே வேண்டாம். ஊருக்கு மேற்கே 8 கிலோமீட்டர். பஸ் உங்களை அடிவாரத்து மியூசியத்துல இறக்கிவிடும். அங்கிருந்து மேலே இடிபாடுகளுக்குப் போக வேற பஸ், வேற டிக்கெட். மேலே மலைச்சரிவுல அடுக்கடுக்கா இறங்கி ஏறணும், நிழல் அபூர்வம். போய் வர அரை நாள் ஓடிடும். முழங்கால் வலி உள்ளவங்களுக்கு அது தண்டனை. 936-ல் கட்ட ஆரம்பிச்ச நகரம், 1010 வாக்குல உள்நாட்டுச் சண்டையில சூறையாடப்பட்டது, தோண்டி எடுத்ததே பத்துல ஒரு பங்குதான். அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனா ரெண்டாவது நாள் இருக்கிறவங்களுக்கு.

கிழமை நல்லாப் பிடிச்சிருக்கீங்க. திங்கட்கிழமைன்னா அல்காசர், சினகாக் (யூதர் வழிபாட்டிடம்), வியானா மூணும் மூடியிருக்கும்.

ரயில்: செவியா சாந்தா ஹூஸ்தாவுல இருந்து முக்கால் மணி நேரம். அதிவேக ரயில்ல ரெண்டு வகை இருக்கு. நெடுந்தூரம் போற ஆவே வண்டிக்கு விலை நாளுக்கு நாள் ஏறும். அவாந்த்ங்கிறது பக்கத்து ஊர்களுக்கான சேவை, விலை நிலையானது. கடைசி நேரத்துல வாங்கினாலும் அதே விலைதான், ஆனா இருக்கை தீர்ந்துடும். அதனால திரும்பி வர்ற டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிடுங்க. டிக்கெட்டுல போட்ட பாஸ்போர்ட் எண் கையில இருக்கிற பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகணும். பிளாட்பாரத்துக்கு முன்னாடி பைகளை ஸ்கேன் பண்ணுவாங்க, புறப்பட ரெண்டு நிமிஷம் முன்னாடி வாசலை மூடிடுவாங்க. கால் மணி நேரம் முன்னாடியே போய் நில்லுங்க.

#3 கல்தூண்

மெஸ்கீத்தாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே எந்த வரிசையில் நடக்கிறோம் என்பது முக்கியம்.

முஸ்லிம்கள் இந்த ஊரை ஆண்ட காலத்தில் கட்டடம் நான்கு கட்டங்களாக வளர்ந்தது. முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் தொடங்கினார். இரண்டாம் அப்துர் ரஹ்மான் ஒன்பதாம் நூற்றாண்டில் தெற்கே நீட்டினார். இரண்டாம் அல் ஹகம் 960-களில் இன்னும் தெற்கே நீட்டி, இன்று எல்லோரும் படம் எடுக்கும் மிஹ்ராபை, அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தை, கட்டினார். தெற்கே ஆறு குறுக்கிடுவதால், அல் மன்சூர் 987-ஐ ஒட்டிக் கிழக்குப் பக்கம் எட்டு வரிசைகள் சேர்த்தார். மிஹ்ராப் கட்டடத்தின் நடுவில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆரஞ்சு மர முற்றத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் நிற்கும் இடம் ஆகப் பழைய பகுதி. அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். தூண்களின் அடியைப் பாருங்கள்: சிலவற்றுக்குப் பீடம் உண்டு, சில தரைக்குள் புதைந்திருக்கும். ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து கழற்றி வந்த தூண்கள் என்பதால் ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. உயரமானதைப் புதைத்தும் குட்டையானதற்குப் பீடம் கொடுத்தும் மட்டம் செய்திருக்கிறார்கள். தலைப்பகுதிகளும் ஒன்றுக்கொன்று சேராது. அப்படியும் கூரை போதிய உயரத்துக்கு வரவில்லை. அதனால்தான் வளைவுக்கு மேல் வளைவு. கீழே உள்ளது லாட வடிவம், மேலே உள்ளது அரைவட்டம். மேல் வளைவு கூரையைத் தாங்குகிறது, கீழ் வளைவு தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு செங்கல், வெள்ளை கல். மேரிதாவில் உள்ள ரோமானிய நீர்ப்பாலம்தான் இதற்கு முன்மாதிரி என்பது பரவலான கருத்து.

அப்படியே நேராகத் தெற்கே, மிஹ்ராப் வரை. பக்கத்தில் போகப் போகத் தூண்கள் மாறும்: கருநீலம், இளஞ்சிவப்பு என்று மாறி மாறி, பீடமே இல்லாமல், ஒரே அளவில். இவை இந்தக் கட்டடத்துக்கென்றே செதுக்கியவை. மிஹ்ராபுக்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் விலா வளைவுகள் மேல் உட்கார்ந்த குவிமாடம். பொன் மொசைக்குக்கு பைசாந்தியப் பேரரசர் ஆளும் கண்ணாடிச் சில்லுகளும் அனுப்பினார் என்று அரபு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கம்பித் தடுப்பு இருப்பதால் உள்ளே போக முடியாது.

பிறகு கிழக்கே திரும்பி அல் மன்சூர் பகுதி. இங்கே வளைவுகளின் சிவப்பு பெரும்பாலும் செங்கல் அல்ல, கல்லின் மேல் பூசிய சாயம். உதிர்ந்த இடங்களில் கண்ணுக்கே தெரியும். பெரிய பகுதி, வேகமாகக் கட்டியது. கூட்டம் இங்கே வருவதில்லை, ஆகவே நிம்மதியாக நடக்கலாம். கல்தச்சர்கள் பெயரைப் பொறித்த தூண்கள் இங்கே உண்டு.

நடுவிலுள்ள தேவாலயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1523-ல் தொடங்கி 1607-ல் முடிந்தது. தொடங்கியபோது நகர சபையே எதிர்த்தது. வேலை செய்யும் கொத்தனார்களுக்கு மரண தண்டனை என்று அறிவிக்கும் அளவுக்குப் போனது. மன்னர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். முதலில் இதைப் பார்த்துவிட்டுத் தூண்களுக்குப் போனால் பள்ளிவாசல் ஏதோ தேவாலயத்தைச் சுற்றிய தாழ்வாரம்போல் தோன்றிவிடும். பெஞ்சுகள் இருப்பது இங்கேதான், முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க நல்ல இடம். உட்கார்ந்தபடியே பாடகர் இருக்கைகளின் மர வேலையைப் பாருங்கள். பெத்ரோ தூக்கே கோர்னேஹோ பதினெட்டாம் நூற்றாண்டில் செதுக்கியது.

ஒன்றரை மணி நேரம் தாராளம். இரண்டு என்றால் இன்னும் நல்லது.

#4 நிழல்தேடி

கல்தூண் சொன்ன வரிசை சரி. ஆனால் காசு கொடுத்து ஏன் போக வேண்டும்? திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை இலவசம். குழுக்களை விடுவதில்லை, அதனால் கொடி பிடித்த வழிகாட்டிகளின் சத்தம் இல்லை. தாழ்வான காலை வெளிச்சம். கோர்டோபாவின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் அது.

#5 ரயில்பிரியன்

நிழல்தேடி, கோர்டோபாவுலயே தூங்கி எழறவங்களுக்கு அது சரி. இவங்க செவியாவுல இருந்து வர்றாங்க. 8.30-க்கு வாசல்ல நிக்கணும்னா ஏழு மணி வாக்குல ரயில் ஏறணும், ஆறு மணிக்கு முன்னாடி பெரியவங்களை எழுப்பணும். அக்டோபர் நடுவுல அங்க விடியறதே எட்டரைக்குத்தான். இருட்டுல கிளம்பி, ஒன்பதேகாலுக்கே "கிளம்புங்க, கிளம்புங்க"ன்னு காவலர்கள் பின்னாடி வர ஆரம்பிச்சா நிதானமான நாள் எங்க இருக்கு?

டிக்கெட் வாங்குங்க. 65 வயசுக்கு மேல சலுகைக் கட்டணம் உண்டு. மெஸ்கீத்தாவோட சொந்தத் தளத்துல வாங்குங்க. தேடினா முதல்ல வர்றதெல்லாம் இடைத்தரகர் தளங்கள், கூட விலை வைப்பாங்க. பத்து மணிக்குத் திறந்ததும் நுழையுங்க, பதினொண்ணுக்கு மேலதான் பேருந்துக் கூட்டம் வரும்.

#6 நிழல்தேடி

எழுபது வயது, செவியா இரண்டையும் கவனத்தில் வைத்தால் ரயில்பிரியன் சொல்வதே பொருந்தும். ஊரில் ஒரு இரவு தங்குபவர்களுக்கு மட்டும் என் யோசனை.

ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் இந்த இழையைப் படித்தால்: அன்று இலவச நேரம் கிடையாது. நடுப்பகலில் பூசைக்காகச் சுற்றுலாப் பயணிகளை வெளியேற்றிவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் மறுபடி விடுவார்கள். அது இன்றும் இயங்கும் தேவாலயம். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். மறந்தால் காவலர் வந்து தலையைத் தொட்டுக் காட்டுவார்.

#7 வழிப்போக்கி

பத்து மணி டிக்கெட்டே எடுத்துக்கொள்கிறோம். மெஸ்கீத்தாவின் மணிக்கூண்டு ஏறலாமா? ரயில் நிலையத்திலிருந்து அங்கே எப்படிப் போவது? தரை எப்படி இருக்கும்?

#8 கல்தூண்

கோபுரத்துக்கு லிஃப்ட் கிடையாது, குறுகிய படிகள். முழங்கால் வலி உள்ளவர் வேண்டாம். மற்றவர்களுக்கு விருப்பம் இருந்தால் தனி டிக்கெட், அரை மணிக்கு ஒரு குழு என்று நேரம் குறித்துத் தருவார்கள். 54 மீட்டர். உள்ளே பத்தாம் நூற்றாண்டு மினாரா அப்படியே அகப்பட்டிருக்கிறது. மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டியது. புயலில் சேதமானதும் அதை இடிக்காமல் சுற்றிக் கல் உறை போட்டு மேலே மணிகளை ஏற்றிவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் பள்ளிவாசலின் நீளநீளமான ஓட்டுக் கூரைகளும், அவற்றின் நடுவே திமிறி எழும் தேவாலயமும் ஒரே பார்வையில் விளங்கும். ஏறுகிறவர்கள் ஏறிவிட்டு வரும் வரை மற்றவர்கள் ஆரஞ்சு முற்றத்தில் உட்காரலாம், அதற்கு டிக்கெட் தேவையில்லை. அங்கே தரையில் மரத்துக்கு மரம் ஓடும் பாசன வாய்க்கால்களையும் கவனியுங்கள். பழத்தைப் பறித்துத் தின்ன வேண்டாம், கசப்பு வகை.

#9 ரயில்பிரியன்

ஸ்டேஷன்ல இருந்து மெஸ்கீத்தா நடந்தா 25 நிமிஷம். பாதி தூரம் விக்டோரியா பூங்கா வழியா மரநிழல், தரை மட்டமா இருக்கும். நடக்க வேண்டாம்னா 3-ஆம் நம்பர் பஸ், ஆற்றங்கரைப் பக்கம் இறங்கலாம். நாலு பேர்னா டாக்ஸிதான் கணக்குக்குச் சரியா வரும். தூரம் குறைவு, ஆளுக்குப் பங்கு போட்டா பஸ் விலையை விடக் கொஞ்சம்தான் கூட.

தரை விஷயம்: மெஸ்கீத்தா உள்ளே மட்டமான தரை, சக்கர நாற்காலியே போகும். வெளியே யூதர் தெருக்கள்லதான் சிக்கல். ஆற்றுக் கூழாங்கல்லை நிமிர்த்தி நட்டு வெச்ச தரை. மெல்லிய அடி செருப்புன்னா ஒவ்வொரு கல்லும் பாதத்துல ஏறும், மழை பெய்ஞ்சா வழுக்கும். கெட்டியான ரப்பர் அடி ஷூ போடுங்க. தெருவோட ஓரத்துலயோ நடுவுலயோ பலகைக் கல் பட்டை ஓடும், அதுமேலயே நடந்தா வலி பாதியாகும். டிராலி பெட்டியை அந்தத் தெருவுக்குள்ள இழுத்துட்டுப் போறது சக்கரத்தை அங்கேயே விட்டுட்டு வர்றதுக்குச் சமம்.

#10 சைவப்பட்சி

சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் நேரம். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு வரை. நான்குக்கு அடுப்பு அணைந்தால் இரவு எட்டரை வரை சூடான சாப்பாடு கிடைப்பது கஷ்டம். நம் ஆட்கள் பன்னிரண்டரைக்குப் பசி என்று போய் நிற்பார்கள், கடைக்காரர் காபி மட்டும் தருவார். ஒன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள், இடமும் கிடைக்கும்.

சைவம் என்று வாயால் சொன்னால் போதாது. "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், ஆனால் பல கடைகளில் பன்றித் தொடை உப்புக்கண்டத்தையும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "சின் ஹமோன், சின் அதூன், சின் உவேவோ." கடைசியில் உள்ளது முட்டை இல்லாமல்.

இந்த ஊரில் சைவத்துக்குக் கைகொடுப்பவை:

சல்மொரேஹோ. குளிர்ந்த, கெட்டியான தக்காளிக் குழம்பு. அடிப்படையில் தக்காளி, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, உப்பு மட்டுமே. மேலே தூவுவதுதான் வில்லங்கம்: வேகவைத்த முட்டையும் ஹமோன் துண்டுகளும். தூவ வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் கரண்டியால் மேலாக வழித்துவிட்டு அதையே திரும்பக் கொண்டுவர வாய்ப்பு உண்டு.

மசமோரா. தக்காளி இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்தைய வெள்ளைச் சல்மொரேஹோ: பாதாம், ரொட்டி, பூண்டு, எண்ணெய், கொஞ்சம் வினிகர். இதிலும் மேல் தூவலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரென்ஹேனாஸ் கோன் மியேல். கத்தரிக்காயை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவது. முட்டை தொடாதவர்கள் மாவில் முட்டை உண்டா என்று கேளுங்கள். கடுமையான சைவம் என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பல கடைகளில் ஒரே எண்ணெய்ச் சட்டியில்தான் ஃப்ளமெங்கீன் என்ற பன்றி இறைச்சிச் சுருளும் பொரிபடும்.

முட்டை சாப்பிடும் இருவருக்கு உருளைக்கிழங்குத் தோர்த்தியா என்ற தடித்த ஆம்லெட். மெஸ்கீத்தாவின் கிழக்குச் சுவரை ஒட்டிய தெருவில் பார் சாந்தோஸ் என்ற சின்னக் கடை இதற்குப் பேர் பெற்றது, ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். நின்றபடியும், எதிரே சுவரோரம் உட்கார்ந்தும் சாப்பிடுவார்கள். பெரியவர்களுக்கு அந்த இடம் தோதுப்படாது, வாங்கி ஒரு வாய் ருசி பார்க்கலாம்.

குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. 2022-இன் கழிவுச் சட்டப்படி உணவகங்கள் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். "அக்வா தெல் கிரிஃபோ" என்று கேளுங்கள். வெறும் "அக்வா" என்றால் பாட்டில் வரும், பில்லும் வரும். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பெரும்பாலும் காசு உண்டு. வெளியே போட்ட மேசைக்குத் தனி விலை இருக்கிறதா என்று விலைப்பட்டியலின் அடியில் பாருங்கள்.

#11 வழிப்போக்கி

சல்மொரேஹோவை வீட்டில் செய்தால் ஏனோ எண்ணெய் பிரிந்து நிற்கிறது என்று வேறு ஒரு இழையில் யாரோ கேட்டிருந்தார். அளவு தெரிந்தால் போடுங்கள்.

#12 சைவப்பட்சி

கோர்டோபாவின் சல்மொரேஹோ சங்கம் சொல்லும் அளவு: பழுத்த தக்காளி 1 கிலோ, ரொட்டி 200 கிராம், எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் 100 கிராம், பூண்டு 1 பல், உப்பு 10 கிராம். ரொட்டி அந்த ஊர்த் தெலேரா. உள்பகுதி இறுக்கமாக, வெள்ளையாக இருக்கும். நம் பக்கத்து இனிப்பு பிரெட் சரிவராது, சர்க்கரை காட்டிக்கொடுத்துவிடும்.

தக்காளியை மட்டும் அரைத்து வடிகட்டித் தோலும் விதையும் நீக்கவும். சாறில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பூண்டும் உப்பும் சேர்த்து நன்றாக அரைக்கவும். எண்ணெய் கடைசியில், மிக்ஸி ஓடும்போதே நூல் பிடித்தாற்போல் ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினாலோ, ரொட்டி ஊறாமல் இருந்தாலோ எண்ணெய் பிரியும். சரியாக வந்தால் சிவப்பு மங்கி ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பும். கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வழியாது. தண்ணீர் சேர்க்கவே கூடாது. மிக்ஸி சூடேறியிருக்கும் என்பதால் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே பரிமாறுங்கள்.

#13 நிழல்தேடி

சரி, ஊருக்குத் திரும்புவோம். மதியம் சாப்பிட்ட பிறகு மூன்றரையிலிருந்து ஆறு வரை என்ன செய்வது என்பதில்தான் கோர்டோபா நாள் கெடும். கடைகள் இரண்டு முதல் ஐந்து, ஐந்தரை வரை அடைத்திருக்கும். தெருவில் ஆள் இருக்காது. வெளியூர்க்காரர்கள் மட்டும் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அலைவார்கள்.

அக்டோபரில் பரவாயில்லை, இருபத்தைந்து டிகிரி அளவில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் கவனியுங்கள்: 40-ஐத் தாண்டுவது வாடிக்கை. ஸ்பெயினில் பதிவான உச்ச வெப்பமான 47.6 டிகிரி இதே மாகாணத்து லா ராம்ப்லா என்ற ஊரில், 2021 ஆகஸ்ட் 14 அன்று பதிவானது. அந்த மாதங்களில் அல்காசர், வியானா எல்லாம் பிற்பகல் மூன்றோடு மூடிவிடும்.

அக்டோபருக்கு என் யோசனை: அல்காசரை விட்டுவிட்டு சான் பசிலியோ குடியிருப்பின் பாத்தியோக்கள், அதாவது வீட்டு முற்றங்கள்.

#14 கல்தூண்

அல்காசரை விடச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1328-ல் பதினொன்றாம் அல்போன்சோ கட்டிய கோட்டை, கொலம்பஸ் இசபெல்லாவையும் ஃபெர்டினாண்டையும் 1486-ல் சந்தித்த இடம். கொர்ரெதேரா சதுக்கத்தின் அடியில் கிடைத்த பெரிய ரோமானிய மொசைக்குகள் அங்கேதான் சுவரில் நிற்கின்றன.

#15 நிழல்தேடி

மொசைக் அறை அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டடம் வெறுமை. நூற்றாண்டுக் கணக்கில் கத்தோலிக்க மத விசாரணை மன்றமாகவும் சிறைச்சாலையாகவும் இருந்ததால் உள்ளே அரண்மனை மிச்சமில்லை. கோபுரங்களுக்குப் படி. தோட்டம் அழகு, ஆனால் நீளம். காலையில் இரண்டு மணி நேரம் தூண்களுக்கு நடுவே நின்றவருக்கு மறுபடி நடை. பெயரைப் பார்த்து செவியா அல்காசர் மாதிரி இருக்கும் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். இவர்கள் தங்கியிருப்பதே செவியாவில்.

#16 கல்தூண்

செவியா அல்காசரையும் பார்க்கப் போகிறார்கள் என்றால் சரி, இதை விடலாம். மொசைக்குக்காக மனம் கேட்கவில்லை.

#17 நிழல்தேடி

பாத்தியோ பற்றி விவரமாக. மே மாத முதல் பாதியில் பாத்தியோ திருவிழா. யுனெஸ்கோ 2012-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்போது வீட்டு முற்றங்களை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். வாசலில் வரிசை அரை மணி, ஒரு மணி என்று நிற்கும், ஹோட்டல் விலை ஏறும். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் மே மாதத்தைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கட்சி. அடிக்க வராதீர்கள்.

மற்ற மாதங்களில் சான் பசிலியோவில் சில வீடுகள் சிறு கட்டணத்துக்குத் திறக்கும். மெஸ்கீத்தாவிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடை. அக்டோபரில் மே மாதப் பூ இருக்காது, ஆனால் ஜெரேனியம் கொஞ்சமாவது இருக்கும். பூவைவிட அமைப்பைப் பாருங்கள்: நடுவில் கிணறு, கூழாங்கல் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர். தரைக்குத் தண்ணீர் தெளித்தால் அது ஆவியாகும்போது முற்றம் குளிரும், சுற்றியுள்ள அறைகளும் குளிரும். சுவரில் மூன்று ஆள் உயரத்துக்குத் தொட்டிகள். ஏணி போட்டு ஏறமாட்டார்கள். நீண்ட நாணல் கம்பின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி, கிணற்றடியில் முக்கி, மேலே தூக்கி, ஒவ்வொரு தொட்டி மேலும் சாய்ப்பார்கள். கம்பு வளையும், டப்பா ஆடும், ஆனாலும் செடியில்தான் விழும். வீட்டுக்குள் அந்தக் கம்பு சுவரில் சாய்ந்திருப்பதைத் தேடிப் பாருங்கள்.

இந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கயிறு கட்டிய பக்கம் போகக்கூடாது.

#18 ரயில்பிரியன்

வியானா அரண்மனையையும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன். ஒரே வளாகத்துல 12 முற்றங்கள், அதுபோக ஒரு தோட்டம். முற்றங்களுக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. உட்கார இடம் இருக்கு, கூட்டம் குறைவு. ஆனா ஊரோட மறுகோடியில, மெஸ்கீத்தாவுல இருந்து ஒன்றரை கிலோமீட்டர். டாக்ஸியில போறதா இருந்தா சான் பசிலியோவுக்குப் பதிலா இதை எடுத்துக்கலாம். ரெண்டையும் ஒரே நாள்ல திணிக்காதீங்க.

#19 வழிப்போக்கி

சான் பசிலியோ போதும் என்று தோன்றுகிறது. யூதர் குடியிருப்பில் எதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்?

#20 கல்தூண்

சினகாக் ஒன்றுக்கு. 1315-ல் கட்டியது. 1492-ல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியதற்கு முந்தையவற்றில் ஸ்பெயினில் இன்று நிற்பவை மிகச் சிலவே. பேர்போன மற்ற இரண்டும் தொலேதோவில். ஒரே அறை, பெண்கள் மாடம், சுவர் முழுக்கச் சுதை வேலை, எபிரேய எழுத்துகள். யூதர்கள் போன பிறகு மருத்துவமனை ஆனது, பின்பு செருப்புத் தைப்போர் சங்கத்தின் வழிபாட்டிடம். மேலே பூசியிருந்த காரை 1884-ல் பெயர்ந்தபோதுதான் அடியிலிருந்த எழுத்துகள் வெளிப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு இலவசம், மற்றவர்களுக்கு 30 சென்ட். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முடியும். அதே தெருவில் சற்றுத் தள்ளி, இந்த ஊரில் பிறந்த யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் சிலை.

பூச்சந்து என்று எல்லோரும் தேடிப் போகும் கல்லேஹா தெ லாஸ் ஃப்ளோரெஸ் ஒரு முட்டுச்சந்து. கடைசியில் நின்று திரும்பினால் இரு சுவருக்கு நடுவே மணிக்கூண்டு தெரியும். அவ்வளவுதான். நடுப்பகலில் படமெடுக்க வரிசை நிற்கும்; போகிற வழியில் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

#21 ரயில்பிரியன்

எச்சரிக்கை ஒண்ணு. மெஸ்கீத்தா சுவரோரமா சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தை "சும்மா வெச்சுக்கோங்க"ன்னு கையில திணிப்பாங்க. வாங்கின உடனே கையைப் பிடிச்சு ரேகை பார்க்க ஆரம்பிச்சு, முடிஞ்சதும் நோட்டா கேப்பாங்க. கையை நீட்டாம, நிக்காம நடந்தா போதும். பெரியவங்க மரியாதைக்கு வாங்கிடுவாங்க, முன்னாடியே சொல்லி வையுங்க.

#22 நிழல்தேடி

சாயங்காலத்துக்குப் பாலம். பதினாறு வளைவு. ரோமானியப் பாலம் என்று பெயர், ஆனால் பலமுறை கட்டிச் செப்பனிட்டது. ரோமானியர் காலத்து வளைவுகளாக மிஞ்சியவை இரண்டுதான் என்பார்கள். மேல் தளம் இந்த நூற்றாண்டில் போட்டது, மட்டமாக இருக்கும். வண்டி கிடையாது. நடுவில் 1651-ல் வைத்த சான் ரஃபயேல் சிலை, அடியில் ஊரார் ஏற்றிய சிவப்பு மெழுகுவத்திகள் உருகிக் கல்லில் வழிந்து கிடக்கும்.

ஊர்ப் பக்கத்திலிருந்து பாதி தூரம் போய்த் திரும்பிவிடுகிறார்கள். அது வீண். தென்கரையில் கலஹோர்ரா கோபுரம் வரை போய்த் திரும்பிப் பாருங்கள். மாலைச் சூரியன் இடப்பக்கமிருந்து அடிக்கும்போது பாலமும் மெஸ்கீத்தாவும் சேர்ந்து பொன்னிறமாகும். அக்டோபர் நடுவில் ஏழே முக்காலை ஒட்டி அஸ்தமனம். ஏழு மணிக்கு அங்கே இருந்தால் சரி. கீழே ஆற்றுத்திட்டுகளில் மரங்களுக்குக் கொக்குகள் அடைய வரும் நேரமும் அதுதான். ஆனால் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்குப் பிறகு போகிறவர்களுக்கு ஆறரைக்கே இருட்டத் தொடங்கும்.

#23 வழிப்போக்கி

இப்படி வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

8.45 வாக்கில் செவியாவில் ரயில். டாக்ஸியில் மெஸ்கீத்தா, 10 மணி டிக்கெட். 12 வரை உள்ளே. முற்றத்தில் ஓய்வு, காபி. 12.45 சினகாக். 1.30 சாப்பாடு. 3.30 முதல் சான் பசிலியோ. 6.45 பாலம். 8.30 ரயில்.

#24 ரயில்பிரியன்

8.45 ரயில் ஒன்பதரைக்கு வந்து சேரும். டாக்ஸி வரிசை, இறங்கி நடை எல்லாம் போனா 10 மணி டிக்கெட்டுக்கு இழுபறி. ஒண்ணு ரயிலை முன்னாடி தள்ளுங்க, இல்ல டிக்கெட்டை 10.30-க்கு எடுங்க. பெரியவங்க கூட இருக்கும்போது 10.30 எடுங்க. கூட்டம் கொஞ்சம் கூடும், மிஹ்ராபுக்கு நேரா நடந்து அதை முதல்ல முடிச்சா சமாளிக்கலாம்.

#25 கல்தூண்

மிஹ்ராபை முதலில் முடிப்பதா? பழைய பகுதியில் ஐந்து நிமிடமாவது நின்றுவிட்டுப் போங்கள். அந்தத் தூண்களைப் பார்க்காதவருக்கு மிஹ்ராப் பக்கத்துத் தூண்கள் ஏன் வேறு என்று தெரியாது.

#26 நிழல்தேடி

சான் பசிலியோவை 3.30-க்கு வைத்திருக்கிறீர்கள். பல பாத்தியோக்கள் மதியம் அடைத்துவிட்டு ஐந்து மணிக்குத்தான் திறக்கும். சாப்பாட்டை 3.45 வரை இழுங்கள், அங்கே யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். பிறகு ஆரஞ்சு முற்றத்திலோ அல்காசர் மதிலுக்கு வெளியே உள்ள மரநிழல் பெஞ்சுகளிலோ ஐந்து வரை உட்காருங்கள். ஐந்துக்கு பாத்தியோ, ஆறேகாலுக்குக் கிளம்பினால் பாலம்.

#27 சைவப்பட்சி

8.30 ரயில் என்றால் இரவுச் சாப்பாடு அங்கே கிடைக்காது, அடுப்பே அப்போதுதான் பற்றவைப்பார்கள். ஆறு மணிக்கு ஒரு கடையில் காபியோடு தோஸ்தாதா கேளுங்கள். வாட்டிய ரொட்டி மேல் தக்காளி, ஆலிவ் எண்ணெய். நால்வருக்கும் ஆகும், முட்டைப் பிரச்சினையும் இல்லை.

#28 ரயில்பிரியன்

பாலத்தோட தென்கரையிலயே டாக்ஸி பிடிக்கலாம், பெரியவங்க மறுபடி பாலம் ஏறி நடக்க வேண்டாம். அங்க சும்மா நின்னு கைகாட்டினா வரலாம், வராமலும் போகலாம். ஏழேகாலுக்கே செயலியில பதிவு பண்ணிடுங்க.